தம்பிக்கு ஜெயில் வார்டர் வேலை: சேரட்டுமா, அடுத்த தேர்வு வரைக்கும் காத்திருக்கட்டுமா?

கொடுங்கையூர்_அக்கா | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வடசென்னைக்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

என் தம்பிக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடமாகப் போலீஸ் தேர்வுக்குத் தயாரானான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓடுவான். மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிட்டால் ஜிஎன்டி சாலை ஓரமாகவே மாதவரம் ரவுண்டானா வரை ஓடிவிட்டு வருவான். இந்த முறை தேர்வாகிவிட்டான். ஆனால் போலீஸ் இல்லை, இரண்டாம் நிலைச் சிறைக் காவலர். விருப்ப வரிசையில் அதை இரண்டாவதாகப் போட்டிருந்தான்.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் வீட்டில் சண்டை. அப்பாவுக்கு அரசாங்க வேலை என்றால் போதும். அம்மாதான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "நம்ம தெருப் புள்ளைங்கள உள்ள வெச்சுப் பூட்டுற வேலையா?" என்கிறார். எங்கள் தெருவில் தம்பியோடு ஒரே கேரம் போர்டில் ஆடிய இரண்டு பேர் இப்போது விசாரணைக் கைதிகளாக உள்ளே இருக்கிறார்கள். அதில் ஒருவனுடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே மகளிர் குழு. வாரா வாரம் முகம் பார்க்க வேண்டும்.

தம்பி ஒன்றும் பேசமாட்டேன் என்கிறான். வேலை நேரம் எப்படி, லீவு கிடைக்குமா, ஆபத்து எவ்வளவு, சேர்ந்தபின் வேறு தேர்வு எழுத முடியுமா? இந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மூலக்கடை_கோச் | திங்கள், இரவு 10.15

முதலில் வாழ்த்துகள் சகோதரி. பன்னிரண்டு வருடமாக உடற்தகுதித் தேர்வுக்குப் பசங்களைத் தயார் செய்கிறேன். தம்பி எவ்வளவு உழைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

சீருடைப் பணியாளர் தேர்வாணையம் போலீஸ், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வுதான் நடத்துகிறது. 2022-ல் மொத்தம் 3552 இடம், அதில் சிறைக் காவலர் 161. 2023-ல் 3359-க்கு 86. 2025 அறிவிப்பில் 3644-க்கு 180. அதே வினாத்தாள், அதே 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடுவது, அதே கயிறு, அதே நீளம் தாண்டுதல். அடிப்படைச் சம்பளமும் ஒன்றுதான், 18,200-லிருந்து 67,100 வரையான நிலை.

ஆனால் பசங்கள் மனதில் மூன்றும் ஒன்றில்லை. என்னிடம் வருகிற நூறு பேரில் "சார், நான் வார்டர் ஆகணும்" என்று சொன்னவன் இதுவரை ஒருவன்கூட இல்லை. நாங்களும் போலீஸ் வேலையைத்தான் காட்டி ஓட வைக்கிறோம், வார்டர் என்றால் என்ன செய்வார் என்று ஒரு வகுப்பு எடுத்ததில்லை. அது என் தவறும்தான். போலீஸ் கிடைக்காததால் வார்டராகப் போனவன் சேர்ந்த மறுநாளே அடுத்த போலீஸ் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிடுகிறான். கிடைத்ததும் போய்விடுகிறான். அவன் இடம் மறுபடி காலி. சிறைகளில் ஆள் இல்லை என்ற பேச்சு இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

என் கருத்து, சேரட்டும். துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு வேறு தேர்வும் எழுதலாம். டிகிரி இருப்பதால் டிஎன்பிஎஸ்சி நடத்தும் உதவிச் சிறை அலுவலர் தேர்வையும் பார்க்கலாம்.

ராயபுரம்_ரன்னர் | திங்கள், இரவு 10.31

நான் சேரவேண்டாம் என்பேன். வயது 24தான். பிசி என்றால் 28 வரை நேரம் இருக்கிறது. போலீஸ் என்றால் வெளியே காற்றோட்டமாக வேலை. வார்டர் என்றால் கைதிக்கும் உனக்கும் ஒரே சுவர். அவனுக்காவது விடுதலைத் தேதி உண்டு.

ஓய்வுபெற்ற_ஏட்டு | செவ்வாய், காலை 5.50

மகளே, உன் பதிவை என் மகன் படித்துக் காட்டினான். 1988-ல் வார்டராகச் சேர்ந்து முதன்மைத் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன் நான். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1837-ல் கட்டிய பழைய ஜெயிலிலும் இருந்திருக்கிறேன். 2006-ல் புழலுக்கு மாறியபோதும் இருந்தேன். நடுவில் வெளியூர்ச் சிறைகள். நான் சொல்லப்போகும் குறைகள் எங்கே நடந்தவை என்று பெயர் போடமாட்டேன்.

வேலை என்னவென்று முதலில் சொல்கிறேன். காலையில் திறப்பு, எண்ணிக்கை. மாலையில் எண்ணிக்கை, பூட்டு. எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நடுவில் சாப்பாடு, மனு பார்க்க (உறவினர் சந்திப்புக்கு) ஆள் அனுப்புவது, ஆஸ்பத்திரி, சண்டை விலக்குவது. ராத்திரி பாரா. பிளாக்கைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். உள்ளே நடக்கும் வார்டர் கையில் துப்பாக்கி கிடையாது. நூறு பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் நீ ஒருவன், ஒரு தடி, ஒரு விசில்.

சேர்ந்த புதிதில் ஒரு ஏட்டு எனக்குக் கம்பி தட்டக் கற்றுக்கொடுத்தார். மாலையில் பூட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு ஜன்னல் கம்பியையும் இரும்புத் தடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல கம்பி கணீரென்று கேட்கும். ரம்பம் பட்டு, சோப்பும் மண்ணும் வைத்து அடைத்த கம்பி சொத்தென்று கேட்கும். ஆறு மாதம் தட்டிய பிறகுதான் என் காதுக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டது. ஆட்கள் விஷயமும் அப்படித்தான். நேற்று வரை சண்டை போட்டு வாங்கிய சோப்பையும் துண்டையும் ஒருவன் திடீரென்று பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்கிறான் என்றால் அன்று ராத்திரி அவனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இதெல்லாம் பயிற்சிப் புத்தகத்தில் வராது. கூடவே நடந்து சொல்லிக்கொடுக்க ஒரு மூத்த ஆள் வேண்டும். மூத்தவன் ஓய்வு பெற்று, புதியவன் இரண்டு வருடம் கழித்து வருகிறான் என்றால் நடுவில் இருந்த அந்தப் படிப்பு செத்துப்போகிறது. காலியிடம் என்று காகிதத்தில் எண்ணாக எழுதுவார்கள். எனக்கு அது இப்படித்தான் தெரியும்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டாய். மறைக்கமாட்டேன். 1999 நவம்பர் 17-ல் பழைய ஜெயிலில் ஒரு கைதியின் சாவையொட்டிக் கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஜெயக்குமாரை உயிரோடு எரித்தார்கள். போலீஸ் சுட்டதில் கைதிகள் பத்துப் பேர் செத்தார்கள். அப்போது நான் வெளியூரில் இருந்தேன். அதற்குப் பிறகு பல மாதம், நான் வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும் வரை என் மனைவி படுக்கமாட்டாள். எப்படி இருக்கிறாய் என்று எங்களை உட்காரவைத்துக் கேட்கும் வழக்கமே அந்தக் காலத்தில் இல்லை.

தினமும் அப்படி இல்லை. முப்பது வருடத்தில் என் மேல் கை வைத்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் பிறகு அழுதுகொண்டே வந்து மன்னிப்புக் கேட்டான். எனக்குத் தூக்கம் போனது கைதிகளால் இல்லை, மெமோவால். ஒரு பிளாக்கில் செல்போன் கிடைத்தால் அது எப்படி உள்ளே வந்தது என்பதற்கு முன்னால், அன்று டியூட்டியில் யார் என்றுதான் கேட்பார்கள். இரண்டு ஆள் பார்க்க வேண்டிய இடத்தை ஒருவனாகப் பார்த்த ஒரு நாளில் அப்படி எனக்கு 17-பி, அதாவது துறை ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, வந்தது. முடியவே மூன்று வருடம். அதுவரை பதவி உயர்வு நிறுத்தம். கடைசியில் என் மேல் தவறில்லை என்று தாள் வந்தது. அந்த மூன்று வருடத்தில் என் மகள் கல்யாணம் தள்ளிப்போனதைத் தாள் திருப்பித் தராது.

வியாசர்பாடி_வீட்டுக்காரி | செவ்வாய், பிற்பகல் 2.05

நான் வார்டர் மனைவி. என் வீட்டுக்காரர் தெற்கே ஒரு வெளியூர்ச் சிறையில் இருக்கிறார். பிள்ளைகள் படிப்பு, மாமியார் வைத்தியம் இரண்டும் இங்கே, அதனால் நான் இங்கே. சிறைக்குப் பெயர் வேண்டாம்.

டியூட்டிக்குப் போகும்போது போனை வெளியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அது சரியான விதிதான், நான் குறை சொல்லவில்லை. போன வருடம் என் மாமனார் காலை பத்து மணிக்குத் தவறிவிட்டார். நான் பத்து ஐந்திலிருந்து கூப்பிடுகிறேன், போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அலுவலக எண்ணில் எடுத்தவர் "சொல்லிடறோம்மா" என்றார். இவருக்குச் செய்தி போனது மதியம் மூன்றரைக்கு, ஷிப்ட் மாறும்போது. மாற்றி விட ஆள் இல்லை என்று அதுவரை யாரும் உள்ளே போய்ச் சொல்லவில்லை. பஸ் பிடித்துக் கிளாம்பாக்கத்தில் இறங்கி அங்கிருந்து வியாசர்பாடி வருவதற்குள் மறுநாள் காலையாகிவிட்டது. ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம், அதனால் முகம் பார்த்தார்.

குடும்பத்தில் சாவு, பிரசவம், ஆபத்து என்றால் அரை மணி நேரத்துக்குள் ஆளுக்குத் தகவல் போக வேண்டும் என்று ஒரு எண், ஒரு பொறுப்பாளர் போதும். இதற்குக் கோடிக்கணக்கில் பணமா வேண்டும்?

அக்கா, உங்கள் தம்பி சேரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதம் முதல் தேதி சம்பளம் வருகிறது. மருத்துவக் காப்பீடு இருக்கிறது, மாமியாருக்குத்தான் அது பொருந்தவில்லை. ஆனால் கல்யாணம் பேசும்போது பெண் வீட்டாரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பண்டிகை நாளில் அவன் வீட்டில் இருப்பான் என்று யாரும் நம்பி இருக்க வேண்டாம்.

சட்டம்_படித்தவன் | செவ்வாய், மாலை 6.20

ஏட்டு ஐயா சொன்ன "இரண்டு ஆள் இடத்தை ஒருவன்" என்பதற்குக் கணக்கு உண்டு. மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு (2016) ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்கிறது. கேட்கத் தாராளமாக இருக்கிறது அல்லவா? ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

1200 கைதிகள் உள்ள சிறைக்கு 200 காவலர். எட்டு மணி நேரம் மூன்று ஷிப்ட் என்றால் ஒரு ஷிப்டுக்கு 66 பேர். வார ஓய்வு, விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி ஆகியவற்றுக்குப் போனவர்களைக் கழியுங்கள். மெயின் கேட், கோபுரம், மனு அறை, சமையல்கட்டு, தொழிற்கூடம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் ஆள் வையுங்கள். பிளாக்குகளுக்கு மிஞ்சுவது முப்பது பேர் இருந்தால் பெரிது. இப்போது அந்த 200-ல் 60 இடம் காலி என்று வையுங்கள். 140 பேர், ஷிப்டுக்கு 46. கேட்டிலும் கோபுரத்திலும் குறைக்க முடியாது, பிளாக்கில்தான் குறையும். அதுவும் போதாதபோது மூன்று ஷிப்டை இரண்டாக்குவார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை யாரோ உத்தரவு போட்டு வருவதில்லை, இந்தக் கழித்தலில்தான் வருகிறது.

60 என்று நான் சும்மா எடுக்கவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி அமிதவ ராய் குழு, நாடு முழுக்கச் சிறைத் துறைகளில் பல ஆண்டுகளாக 30 முதல் 40 விழுக்காடு வரை காலியிடங்கள் நீடிப்பதாகச் சொன்னது. தமிழ்நாடு பல மாநிலங்களைவிட நன்றாக இருக்கிறது. இந்திய நீதி அறிக்கை 2025 சிறைப் பிரிவில் பெரிய மாநிலங்களுக்குள் நம் மாநிலத்துக்குத்தான் முதலிடம் கொடுத்தது. அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 54-வது பிரிவுப்படி, அனுமதி இல்லாமலோ இரண்டு மாத முன்னறிவிப்பு இல்லாமலோ பணியை விட்டுப் போகும் சிறை ஊழியருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். 1894-ல் 200 ரூபாய் என்றால் என்ன தொகை என்று யோசியுங்கள். ஆளைப் பிடித்து வைக்க அந்தச் சட்டத்துக்குத் தெரிந்த வழி அது. 2015-ல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் வேறு மாதிரி பேசுகின்றன. தகுதியானவர்களை ஈர்க்கவும் தக்கவைக்கவும் போதுமான சம்பளமும், வேலையின் கடுமைக்கு ஏற்ற பணிச் சலுகைகளும் வேண்டும் என்கிறது 74-வது விதி. கைதிகளின் உரிமைக்கு என்று எழுதிய விதிகளிலேயே ஊழியரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், ஏனென்றால் ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

வியாசர்பாடி_வீட்டுக்காரி | செவ்வாய், இரவு 8.45

சார், முதலிடம் என்பது சந்தோஷம். ஆனால் பக்கத்து மாநிலத்தைவிட நாம் மேல் என்பதால் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடவில்லை. 2021-ல் போலீசுக்கு வார ஓய்வு அரசாணை வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தார். இவர் வேலை பார்க்கும் இடத்தில் ஆள் இருந்தால் ஓய்வு, இல்லாவிட்டால் இல்லை.

அதிகாரிகள் வீட்டு வேலைக்கு அனுப்பிவிடும் ஆட்களைத் திரும்ப அழைத்தாலே எத்தனையோ பேருக்கு ஓய்வு கிடைக்கும்.

சட்டம்_படித்தவன் | செவ்வாய், இரவு 9.10

அதில் முழுக்க உங்கள் பக்கம்தான் அக்கா. சிறைக் காவலர்களை வீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் விவகாரத்தை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே கையில் எடுத்து விசாரிக்க உத்தரவிட்டது.

பெயர்_வேண்டாம்_23 | செவ்வாய், இரவு 11.20

இடையில் ஒரு சந்தேகம். நானும் அடுத்த தேர்வு எழுதப் போகிறேன். புளியந்தோப்பு. பதினெட்டு வயதில் கோயில் திருவிழாத் தகராறில் என் பெயரையும் சேர்த்து எப்.ஐ.ஆர். போட்டார்கள். பிறகு கோர்ட்டில் விடுதலை. போலீஸ் சரிபார்ப்பில் இது வருமா? மறைத்துவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

சட்டம்_படித்தவன் | புதன், காலை 7.30

தம்பி, மறைக்கவே மறைக்காதே. படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கும், உள்ளதை உள்ளபடி எழுது. தீர்ப்பு நகலை எடுத்துப் பார். சந்தேகத்தின் பலன் கொடுத்து விடுதலை என்று இருந்தால் சிக்கல், அதை வழக்கில் தொடர்பு இருந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008-ல் சொல்லியிருக்கிறது. மதிப்பான விடுதலை, அதாவது உன் மேல் குற்றமே இல்லை என்று விடுவித்தது என்றால் நிலைமை வேறு. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சின்ன வயதில் நடந்த அற்ப விஷயங்களை வேலை கொடுப்பவர் பரிசீலித்து விட்டுவிடலாம் என்றது. பெரும்பாலும் ஆளைக் கவிழ்ப்பது வழக்கைவிட அதை மறைத்ததுதான். நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பார்.

வடசென்னைப் பையன்கள் எத்தனை பேர் இப்படி ஒரு கும்பல் எப்.ஐ.ஆரால் சீருடை வேலைக்கே விண்ணப்பிக்காமல் நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம். இந்தத் தெருக்களின் பேச்சும் கோபமும் புரிந்தவர்கள் சிறைக்குள் காவலராக இருப்பது எவ்வளவு நல்லது.

பெண்_வார்டர் | புதன், பிற்பகல் 3.15

ஓய்வு நாள், அதனால் எழுதுகிறேன். 2023 அறிவிப்பின் 86 இடங்களில் பெண்களுக்கு எத்தனை தெரியுமா? மூன்று. பெண் கைதிகளைப் பெண்கள்தான் காவல் காக்க வேண்டும். எங்களில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போனால் அவளுடைய டியூட்டி காற்றில் கரைவதில்லை, மற்றவர்கள் தலையில் விழுகிறது. அவள் விடுப்பு கேட்கவே கூச்சப்படுகிறாள். அது அவளுடைய உரிமை.

பெண்கள் சிறையில் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் அம்மாவோடு இருப்பார்கள். என் பிளாக்கில் ஒரு குட்டிப் பெண் இருந்தாள். மாலை எண்ணிக்கைக்கு அவளும் வரிசையில் வந்து உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து எண்ணுவாள். பதினொன்றுக்குப் பிறகு பதினேழுக்குத் தாவிவிடுவாள். எனக்கும் அதே வயதில் மகள். ஆறு வயது முடிந்து அவளை விடுதிக்கு அனுப்பிய நாளில் கேட் வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அன்று ராத்திரி என் மகள் பக்கத்தில் படுத்தபோது எனக்கு மூச்சு முட்டியது. இதை வீட்டில் சொன்னால் "வேலைன்னா அப்படித்தான்" என்பார்கள். வேலை இடத்தில் சொன்னால் மனசு பலவீனம் என்பார்கள்.

கைதிகளுக்கு மனநல ஆலோசகர் வருகிறார், அது மிக நல்ல விஷயம். எங்களுக்கும் ஒருவர், நாங்கள் சொல்வது எஸ்.ஆரில் (பணிப் பதிவேட்டில்) ஏறாது என்ற உறுதியோடு வேண்டும்.

ஆலோசகர்_தண்டையார்பேட்டை | புதன், இரவு 9.00

மேலே எழுதிய சகோதரிக்கு. மூச்சு முட்டியது பலவீனமில்லை. நான் மனநல ஆலோசகர், சீருடைக் குடும்பங்களோடு நிறைய வேலை செய்திருக்கிறேன்.

காவல் துறையில் 2018-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் உதவியோடு காவலர் நலத் திட்டம் தொடங்கினார்கள். அதில் குடும்பத்தினரையும் சேர்த்தார்கள். சென்னைப் போலீசில் "மகிழ்ச்சி" என்ற திட்டமும் வந்தது. குடிப்பழக்கம், மன அழுத்தம், வீட்டுச் சண்டை என்று வருபவர்களுக்கு அது கைகொடுத்திருக்கிறது. சிறைக் காவலருக்கும் அதே அளவு கனத்தோடு இது வேண்டும். தூக்கில் தொங்கியவனை இறக்கிய காவலர் மறுநாள் அதே பிளாக்கில், அதே ஜன்னலுக்குக் கீழே பாரா நடக்கிறார். குறைந்தது சில நாள் வேறு இடத்தில் போட்டு, ஒரு ஆள் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆள் இல்லாத சிறையில் அந்தச் சில நாளைக்கூடக் கொடுக்க முடியாது என்பதுதான் கொடுமை.

இப்போதைக்குக் கையில் இருப்பது 14416 என்ற மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம், துறைக்குத் தகவல் போகாது. இந்த இழையைப் படிக்கும் காக்கி வீட்டுக்காரர்கள் போனில் பதிந்து வையுங்கள்.

புளியந்தோப்பு_அம்மா | வியாழன், இரவு 7.50

இதை என் மகள் தட்டுகிறாள், சொல்வது நான். என் பெரிய மகன் ஒரு வருடம் நாலு மாதம் விசாரணையில் உள்ளே இருந்தான். இப்போது வெளியே வந்து ஏசி மெக்கானிக்காக இருக்கிறான்.

வாரம் ஒரு முறை மனு போட்டுப் பார்க்கப் போவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஒரு வார்டர் தம்பி இருந்தான், சின்னப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை. எனக்குக் காது மந்தம் என்று கவனித்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து என்னை வரிசையில் கடைசி மூலைக்கு அனுப்புவான். அங்கே சத்தம் கொஞ்சம் குறைவு. ஒரு ரூபாய் கேட்டதில்லை. என் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டரிடம் எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். ஒரு நாள் போனேன், அவன் இல்லை. போலீஸ் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றார்கள். நல்லா இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு என் மகன் சொன்னது, "இனிமே கூப்பிட்டா திரும்பிப் பாக்க ஆள் இல்லம்மா."

கொடுங்கையூர்ப் பொண்ணே, உன் அம்மாகிட்ட சொல்லு. பூட்டுறது கோர்ட்டு. உன் தம்பி பூட்டலைன்னாலும் எவனோ ஒருத்தன் பூட்டத்தான் போறான். நம்ம புள்ளைங்க கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறவன் ஒருத்தன் அங்க இருக்கட்டும்.

ராயபுரம்_ரன்னர் | வியாழன், இரவு 8.30

அம்மா, நான் மேலே எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற_ஏட்டு | வெள்ளி, காலை 5.45

தாயே, வணக்கம். அந்தப் பையனை எனக்குத் தெரியாது, ஆனாலும் என் நெஞ்சு நிறைந்தது.

கொடுங்கையூர் மகளே, தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. எந்தச் சிறையில் போட்டாலும், தெரிந்த ஆள் யாராவது உள்ளே இருந்தால் முதல் நாளே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். "இன்னார் என் தெரு, அந்த பிளாக்கில் எனக்கு டியூட்டி வேண்டாம்" என்று. நகலில் கையெழுத்து வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தெருப் பையன் வீட்டில் ஒரு பீடிக்கட்டு கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மருந்து என்று கொடுத்தாலும் வாங்கக் கூடாது, டாக்டர் வழியாகத்தான் போக வேண்டும். முதல் தடவை பீடிக்கட்டு, இரண்டாவது தடவை சிம் கார்டு. நான் பார்த்த சஸ்பெண்டுகளில் பாதி, காசுக்காகச் செய்தவை இல்லை. தெரு முகத்துக்காக மறுக்க முடியாமல் செய்தவை. கூடப் படித்தவனின் அம்மா கண்கலங்கிக் கேட்கும்போது 24 வயதுப் பையன் எப்படி மறுப்பான்? அந்த மறுப்பைப் பயிற்சியிலேயே நடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பணியில் இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூலக்கடைப் பக்கம் வருவேன். விருப்பம் இருந்தால் தம்பியை அனுப்பு. அம்மாவும் வந்தால் நல்லது.

கொடுங்கையூர்_அக்கா | ஞாயிறு, இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. யாருக்கு எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

புளியந்தோப்பு அம்மா எழுதியதை என் அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இரண்டாவது முறை நடுவிலேயே எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டார். சனிக்கிழமை மகளிர் குழுக் கூட்டத்தில், உள்ளே இருக்கும் பையனுடைய அம்மாவிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார், "என் புள்ள வார்டர் வேலைக்குப் போறான், ஆனா உன் புள்ளைக்கு எதையும் எடுத்துட்டுப் போகமாட்டான், கேக்காத" என்று. அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, "பாத்தா சாப்பிட்டானான்னு மட்டும் கேக்கச் சொல்லு" என்றாராம். அதுகூட முடியுமா என்று இன்று காலை ஏட்டு ஐயாவிடம் கேட்டோம். "வழியில் பார்த்தால் எந்தக் கைதியிடமும் கேட்கலாம், அதைத் தெருவில் வந்து சொல்லக் கூடாது" என்றார். தம்பி அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

சேருகிறான். உதவிச் சிறை அலுவலர் தேர்வுக்கும் படிக்கப் போகிறானாம், அந்தத் துறையிலேயே மேலே போகலாம் என்று அவனாகவே சொன்னான். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியில் இருக்கும் அரசு பயிற்சி மையத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பயிற்சிக்குப் போகும்போது இரும்புப் பெட்டி வாங்கலாமா, பெரிய பை போதுமா? அம்மா கேட்கச் சொன்னார்.

ஓய்வுபெற்ற_ஏட்டு | திங்கள், காலை 5.40

இரும்புப் பெட்டி. மின்ட் பக்கம் கிடைக்கும், நடுத்தர அளவு போதும். மூடியில் பெயரைப் பெயின்ட்டில் எழுதி வாங்கு, எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளை பனியன் ஆறு, கான்வாஸ் ஷூ இரண்டு ஜோடி. சான்றிதழ்களில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜெராக்ஸ். தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில், முதல் வாரம் காலில் கொப்புளம் வரும்.